பாவு மட்டும் நீலம்

மீன் தோலைத் தீக்காயத்தின் மேல் ஒட்டி ஆற்றுகிறார்கள் என்று படித்த அன்று, அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது எனக்கு. உயிர்த் தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்துவிட்டு, ஆராய்ச்சியில் சேர்வதற்கான தேர்வுக்காக ராஜபாளையத்தில் வீட்டோடு இருந்து படித்துக்கொண்டிருந்த வருடம் அது. கையில் ஃபோன், ஃபோன் நிறைய ஆய்வுக் கட்டுரைகள். ஒன்றைத் திறந்தால் அது இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போகும். காலையில் மரபணு திருத்திய நெல்லில் தொடங்கி, மத்தியானம் செயற்கை விழித்திரையில் வந்து நிற்பேன். நடுவில் சூரிய மின்தகடுகளுக்கு அடியில் தக்காளி வளர்ப்பதைப் பற்றி அரைமணி நேரம். தேர்வுக்கான பாடம் மட்டும் அப்படியே கிடக்கும்.

சொல்வதற்கு அப்பாதான் ஆள். அவருக்கு விசைத்தறியில் வேலை. தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. கரண்ட் போனால் ஷெட் முழுக்க சட்டென்று அமைதியாகும். அப்பா வீட்டுக்கு டீ குடிக்க வருவார். எங்கள் தெருவிலேயே மின்தடைக்காகக் காத்திருந்த ஒரே பிறவி நானாகத்தான் இருப்பேன்.

"மீன் தோலா? கவிச்சி அடிக்காதா?" என்றார் அப்பா.

"பதப்படுத்தித்தான் ஒட்டுவாங்கப்பா."

"எந்த மீனு?"

"ஜிலேபிக் கெண்டை. நம்ம கண்மாய்ல கிடக்குமே."

"அட, அதுக்கு வந்த வாழ்வப் பாரேன்!" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அந்தக் காலத்துல சும்மா குடுத்தாக்கூட உங்கம்மா ஆயமாட்டா."

அடுப்படியிலிருந்து அம்மா, "நீங்க பிடிச்சுட்டு வந்ததுல முள்ளைத் தவிர என்ன இருந்துச்சு?" என்றாள்.

எங்கள் பக்கத்துத் தறிகளில் ஓடுவது உடுத்துகிற துணியில்லை, பேண்டேஜ் துணி. முகத்துக்கு நேரே பிடித்தால் எதிரில் நிற்பவரின் சிரிப்பு தெரிகிற அளவுக்கு இழை தள்ளி நெய்தது. தறியிலிருந்து இறங்கும்போது மங்கிய சந்தன நிறத்தில், கஞ்சி மொடமொடப்போடு இருக்கும். அதைக் காடா என்போம். அங்கிருந்து வெளுக்கப் போய், நூலுக்குப் போட்ட கஞ்சியும் பஞ்சோடு பிறந்த மெழுகும் கழன்று, வெட்டி, மடித்து, உறையில் அடைத்து, கிருமி நீக்கிய பிறகுதான் அது புண்ணில் வைக்கிற துணி ஆகிறது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனாலும் காடாவை நாங்கள் எதற்குத்தான் பயன்படுத்துவதில்லை? டீ வடிகட்ட, வடகத்தின் மேல் மூட, ஜன்னலில் கொசு வராமல் அடிக்க. எங்கள் வீட்டு இட்லித் துணியும் காடாதான். இட்லி அவிக்கிற துணியைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே நடந்து வந்த இடமெல்லாம் சிவப்பாகத் தடம். அம்மாதான் முதலில் பார்த்தாள். செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு சின்ன ஆணி, வலது பெருவிரலுக்கு நேர் கீழே நின்றது. எப்போது ஏறியதென்று அவருக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க அதன் மேல்தான் நின்று தறி ஓட்டியிருக்கிறார். வலிக்கவேயில்லை என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணை நன்றாகப் பார்க்கிற சின்ன மருத்துவமனை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள், அங்கே போனோம். டாக்டர் அதிகம் பேசமாட்டார். அங்கே கட்டுப் போடும் சிஸ்டர் அவருக்கும் சேர்த்துப் பேசுவார். தினமும் வீட்டில் புண்ணைக் கழுவி, மருந்து போட்டு, புதுத் துணி வைத்துக் கட்ட வேண்டும். சனிக்கிழமைதோறும் வந்து காட்ட வேண்டும். அதற்காக உறை பிரிக்காத துணிப் பாக்கெட்டுகளை வாரத்துக்கு ஆகிற மாதிரி சிஸ்டர் தந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒரு பாக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இது நம்ம தறியில இறங்கினதாக்கூட இருக்கும் தாயி."

"எப்படிச் சொல்றீங்க?"

"சும்மா சொல்லுதேன். இருக்கக் கூடாதா? எங்கெங்கயோ போயிட்டு, குளிச்சு முழுகி, சட்டை மாட்டிட்டு எங்கிட்டயே வந்திருக்கு."

கட்டை யார் மாற்றுவது என்ற பேச்சு வந்தபோது, தன் காலைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மனைவியும் மகளும் காலைப் பிடிப்பது அவருக்குக் கூச்சம். காலையில் புழக்கடையில் துவைகல்லின் மேல் உட்கார்ந்து, முதுகை எங்களுக்குக் காட்டியபடி கட்டுவார். நாங்களும் விட்டுவிட்டோம்.

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது நிறம் மாறும் கட்டுத்துணிகளைப் பற்றி. புண்ணில் கிருமி பெருகும்போது அங்கே காரத்தன்மை கூடும். துணியில் ஏற்றிய சாயம் அதை உணர்ந்து நிறம் மாறும். கட்டை அவிழ்க்காமலே உள்ளே நடப்பது தெரிந்துவிடும். இதற்கு ஊதா முட்டைக்கோஸின் சாயத்தைக்கூடப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள் என்று படித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எங்கள் வேலி நெடுகச் சங்குப்பூ பூத்துக் கிடந்தது. அதன் நீலச் சாறும் அதே வேலையைச் செய்யும்: எலுமிச்சை பட்டால் ஊதாவும் ரோஜாவும், ஆப்பச் சோடா பட்டால் பச்சை. உலகமே தேடிக்கொண்டிருக்கும் துணி எங்கள் தறியிலும், சாயம் எங்கள் வேலியிலும் இருக்கிறதே என்று தோன்றியது. அந்த வயதில் அப்படித்தான் தோன்றும். போன வருடத்தைத்தான் அந்த வயது என்கிறேன்.

முதலில் காடாவை முக்கிப் பார்த்தேன். சாயம் திட்டுத்திட்டாக ஏறியது. காடாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்துப்போல மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது. மெழுகும் கஞ்சியும் விடாது. கரண்ட் இல்லாத ஒரு பகலில் அப்பாவிடம் அதைக் காட்டிப் புலம்பினேன்.

"இது ஆகாதுப்பா. இதுல கஞ்சி இருக்கு. எனக்கு வர்ற ரிசல்ட் எல்லாமே தப்பாயிரும். சுத்தமான துணி வேணும்."

"எப்படிச் சுத்தம்?"

"உங்களுக்கு சிஸ்டர் தர்றாங்கல்ல, அந்த மாதிரி."

மறுநாள் காலை என் மேசையில் உறை பிரிக்காத பாக்கெட்டுகள் இருந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி.

"எதுக்குப்பா இம்புட்டு? உங்களுக்கு வேணும்ல?"

"எனக்கு இருக்கு. சிஸ்டரம்மா கூடத்தான் தந்திருக்காவ. நீ செய்யி."

நான் நம்பினேன். நம்புவதற்கு வசதியாக இருந்தது என்பதே சரி. அடுத்த சனிக்கிழமை முடிந்தும் பாக்கெட்டுகள் வந்தன, அதற்கடுத்ததிலும். என் அறையில் கட்டிய கொடியில் நீலமும் ஊதாவும் பச்சையுமாகத் துண்டுத்துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அப்பா வேலைக்குப் போகுமுன் எட்டிப் பார்ப்பார்.

"என் கால்ல எப்பக் கட்டப் போற?"

"இது சும்மா விளையாட்டுப்பா. நெசமாவே செய்யணும்னா பல வருஷம் ஆகும். முதல்ல தட்டுல கிருமியை வளத்துப் பாக்கணும், பொறவு எலி, அதுக்குப் பொறவுதான் மனுஷன்."

"சரிதான். எலிக்கு அடுத்த எடம் நமக்கு. பரவால்ல, வரிசையில நிக்கேன்."

புண் மட்டும் ஆறவில்லை. மூன்றாவது சனிக்கிழமை டாக்டர் அதை நெடுநேரம் பார்த்தார். ஓரத்தில் கிருமி பிடித்திருக்கிறது என்றார். மருந்தை மாற்றி, அயோடின் கலந்த களிம்பு எழுதினார். பிறகு அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட மிக நீளமான பேச்சு வந்தது.

"இன்னும் மூணு வாரம் பார்ப்போம். மூட ஆரம்பிக்கலைன்னா பெருவிரலை எடுத்துடறது காலுக்கு நல்லது. எங்கயாவது கறுத்துச்சுன்னா சனிக்கிழமை வரைக்கும் இருக்காதீங்க. அன்னைக்கே வந்துடுங்க."

அன்று சிஸ்டரே கட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வழக்கம்போல் புழக்கடையில் புதுக் களிம்பைப் போட்டுக் கட்டிக்கொண்டார். திங்கட்கிழமை காலை, துணி எடுக்கப் புழக்கடைக்குப் போன அம்மாவின் குரல் தெருவரை கேட்டது.

"ஏட்டி! ஓடியா! கறுத்துப் போச்சுட்டி!"

அப்பா மேல்கட்டை அவிழ்த்திருந்தார். விரலோடு ஒட்டியிருந்த துணி கறுநீலமாக இருந்தது. ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால் யாரும் தொடவில்லை. அதன் மேலேயே ஒரு துண்டைச் சுற்றி, ஆட்டோ பிடித்து, பஸ் ஏறினோம். அம்மா வீட்டில் சாமி விளக்கின் முன் உட்கார்ந்துவிட்டாள். வந்தால் அழுதுவிடுவேன் என்றாள்.

பஸ்ஸில் அப்பாவின் பாதத்தை என் மடியில் பைக்கு மேல் தூக்கி வைத்திருந்தேன். கூச்சப்பட்டு இழுத்துக்கொள்ளப் பார்த்தார், நான் விடவில்லை.

"ஒரு விரல்தான தாயி. தறிக்குக் கைதான் முக்கியம்."

நடக்கும்போது உடலை முன்னே உந்துவது பெருவிரல் என்று படித்திருந்தேன். அது போனால் பாரம் மற்ற விரல்களுக்கு மாறும், அங்கே அடுத்த புண் வரும், அதற்கடுத்து இன்னும் மேலே போக வேண்டி வரும் என்றும் படித்திருந்தேன். பொழுதெல்லாம் இரண்டு தறிகளுக்கு நடுவே நின்றபடி வேலை செய்கிறவர் அவர். ஃபோனை எடுத்துத் தேடத் தொடங்கினேன். எழுத்துகள் தெரிந்தன, ஒரு வரிகூட உள்ளே போகவில்லை. ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு அவருடைய குதிகாலைப் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்றுகூடச் சொல்ல முடியாது.

சிஸ்டர் உப்புத் தண்ணீரைத் துணியின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஊறட்டும் என்று செத்த நேரம் விட்டார். பிறகு இடுக்கியால் மெல்லத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்க கறுத்திருக்கு?" என்றார் சிஸ்டர்.

கண்ணைத் திறந்தேன். புண் சிவப்பாக இருந்தது. ஓரத்தில் மஞ்சளாக ஒரு படலம். கறுப்பு எங்கும் இல்லை. கறுப்பெல்லாம் துணியில்தான். சிஸ்டர் அதைக் குப்பைத் தொட்டியில் போடப் போனார்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். அதைக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க."

ஜன்னலுக்கு நேரே பிடித்தார். மருந்து திட்டாகப் படிந்த நடுப்பகுதி ஒரே இருட்டு. ஓரத்தில் மட்டும் நூல் நூலாகத் தெரிந்தது. நெடுக்காகப் போகிற இழைகள் எல்லாம் கறுநீலம். குறுக்கே போகிற இழைகள் வெறும் பழுப்பு. கோடு போட்ட நோட்டுத் தாள் மாதிரி, ஒரே திசையில் மட்டும் நீலம்.

"அது பாவு நூலு," என்றார் அப்பா, தாழ்ந்த குரலில்.

தறியில் நெடுக்கே ஓடுவது பாவு, குறுக்கே பாய்வது ஊடை. ஓட்டத்தில் அறுந்துபோகாமல் இருக்கப் பாவு நூலுக்கு மட்டும்தான் கஞ்சி போடுவார்கள். கஞ்சியில் அயோடின் பட்டால் கறுநீலமாகும். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்குத் துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டு, எல்லோரும் சுற்றி நின்று பார்த்த அதே நீலம். பொருள் புரிய எனக்கு இரண்டு மூன்று நொடி ஆகியிருக்கும். அப்பாவுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது, தலை குனிந்திருந்தது.

சிஸ்டர் துணியை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது நாங்க தந்த துணி இல்லையே. அண்ணாச்சி, என்ன துணி இது?"

"தறித் துணி."

"தறித் துணின்னா? வெளுக்காததா? எத்தன நாளா?"

அப்பா காலில் சுற்றி வந்த துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் கட்டுத்துணி நெய்யுற மனுசன், தன் காலுக்கு வடகம் மூடுற துணியக் கட்டிட்டு வாரீய. நல்லாருக்கு அண்ணாச்சி!"

"வெயில்ல நல்லாக் காயப் போட்டுத்தான் சிஸ்டரம்மா கட்டுனேன். கஞ்சிதான. சோத்துக் கஞ்சி மாதிரிதான அதுவும்."

"சோறு மனுசனுக்கு மட்டுமா? கிருமிக்கும் அதான் சோறு. நீங்க தெனமும் பந்தி வச்சிருக்கீய. இந்தத் துணி ஒரு சொட்டு நீரக்கூட உறிஞ்சாது, தெரியுமா?"

தெரியும். அது தெரிந்த இரண்டு பேர் அவர் முன்னால்தான் இருந்தோம்.

"சரி, சனிக்கிழமை மட்டும் எங்க துணியக் கட்டிட்டு வந்து என்னய ஏமாத்தியிருக்கீய. மிச்சப் பாக்கெட்ட எல்லாம் என்ன செஞ்சீய?"

அப்பா சுவரைப் பார்த்தார், டாக்டர் அறைக் கதவைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. "வீட்டுல ஒரு வேலைக்கு வேண்டியிருந்துச்சு," என்றார்.

"எங்கிட்ட தந்துட்டாரு சிஸ்டர்," என்றேன். "என் பரிசோதனைக்கு."

என்ன பரிசோதனை என்று சிஸ்டர் கேட்டார். புண்ணில் கிருமி வந்தால் நிறம் மாறிச் சொல்லும் துணி என்று அழுகைக்கு நடுவே சொன்னேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், இடுக்கியில் தொங்கிய துணியைப் பார்த்தார்.

"அதான் மாறிச் சொல்லிருச்சே," என்றார். "அழாத. விரலு இன்னும் இருக்கு. அண்ணாச்சி, காலை நீட்டுங்க. உங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வைத்தியம் பாக்கணும் போல."

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் கோபமாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஏன்ப்பா இப்படிச் செஞ்சீங்க? விளையாட்டுத் துணிக்காகக் காலை விடுவாங்களா?"

எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ எம்புட்டோ சொல்லுத. மீனு, நெல்லு, கண்ணுக்குள்ள வைக்கிற மிசினு. எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது. காலேஜுல உனக்கு என்ன வேணும்னு ஒரு நாளும் எனக்குத் தெரிஞ்சதில்ல. மொத தடவையா, எனக்குத் தெரிஞ்ச பொருளா ஒண்ணு கேட்ட. துணி. அதக்கூட இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்?"

பஸ் வந்தது. அவர் எழுந்து, வலது காலைக் குதிகாலால் ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வழி நெடுக அவர் கை என் தோளிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் மிச்சமிருந்த பாக்கெட்டுகளை எல்லாம் அவர் மருந்துப் பெட்டிக்குள் வைத்தேன். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து நோட்டுக்குள் மடித்தேன். மறுநாளிலிருந்து கட்டுப் போடும் வேலை என்னுடையது. முதல் இரண்டு நாள் கூச்சத்தில் நெளிந்தார். மூன்றாம் நாள் துவைகல்லில் உட்கார்ந்து, "வா, வந்து சோலியப் பாரு," என்று காலை நீட்டினார். அம்மா கிண்ணத்தில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரோடு பக்கத்திலேயே நிற்பாள். முகத்தை மட்டும் வேலிப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

உறையைக் கிழித்து அந்த வெள்ளைத் துணியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் என் அறைக் கொடி நினைவுக்கு வரும். புண்ணில் வைத்ததும் அது ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும். நான் சாயத்தில் முக்கி ரசித்த அதே குணம்தான். சனிக்கிழமைதோறும் ஒரு பிளாஸ்டிக் தாளைப் புண்ணுக்கு மேலே பிடித்து, அதன் ஓரத்தைப் பேனாவால் வரைந்து வைத்தேன். முதல் வட்டத்துக்குள் இரண்டாவது வட்டம், அதற்குள் மூன்றாவது.

டாக்டர் சொன்ன மூன்று வாரம் முடிந்த சனிக்கிழமை, அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன். அதையும் விரலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"விரல் இருக்கட்டும்," என்றார். அவ்வளவுதான். எங்களோடு வெளியே வந்த சிஸ்டர், "கேட்டீயளா அண்ணாச்சி, விரலு இருக்கட்டுமாம்! இனியாவது இட்லித் துணிய இட்லிக்கு விடுங்க," என்றார். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

புண் முழுதாக மூட இன்னும் பல வாரம் ஆயிற்று. இப்போது அங்கே ஒரு பளபளப்பான தோல் இருக்கிறது, புளியங்கொட்டை அளவுக்கு. அப்பா மறுபடியும் தறிக்குப் போகிறார், அடி தடித்த புதுச் செருப்போடு. காலில் உணர்ச்சி திரும்பவில்லை. திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதனால் அவர் பாதம் உணராததை வேறு யாராவது பார்க்க வேண்டியிருக்கிறது. காலையில் அவர் கிளம்புமுன் செருப்புக்குள் கையை விட்டுத் தடவுகிறேன். பிறகு முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அவர் பாதத்துக்குக் கீழே பிடித்து, விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். பார்க்கும்போதே முந்தின நாள் படித்ததைச் சொல்கிறேன். உணர்ச்சி போன பாதங்களுக்காக, அழுத்தம் கூடினால் எச்சரிக்கிற செருப்பு உள்ளடிகளைச் செய்துபார்க்கிறார்களாம் என்று போன வாரம் சொன்னேன்.

"இப்பத்தான் கண்டுபிடிக்கிறாவளா?" என்றார். "எங்கிட்ட ஒண்ணு முன்னமே இருக்கே. ஆனா ரொம்பப் பேசும்."

தேர்வு முடிவு வந்துவிட்டது. அடுத்த மாதம் நான் சென்னைக்குப் போகிறேன். கண்ணாடியை அம்மாவிடம் தந்து எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது அவள் முகத்தைத் திருப்புவதில்லை. நோட்டுக்குள் மடித்து வைத்த துணிகள் வெளிறத் தொடங்கிவிட்டன. அவற்றோடு, சிஸ்டரிடம் கேட்டு வாங்கி, கழுவி, உறையில் போட்டு வைத்திருக்கும், அன்று கறுத்த அந்தக் காடாத் துண்டும் இருக்கிறது. அதிலிருந்த நீலம் கழுவும்போதே போய்விட்டது.

இன்று காலையும் கண்ணாடியைப் பிடித்தேன். ஐந்து விரல். அப்பா மேலிருந்து கேட்டார்.

"இன்னைக்கு என்ன ரிசல்ட்டு?"

"ஒண்ணும் இல்லப்பா."

"நல்லாப் பாரு."

மறுபடியும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.